நாலாவது ஆள்

ஆவணி 9, ஞாயிறு

அதற்காக என் தம்பியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, முப்பிடாதி அம்மா. நடந்ததைத்தான் சொல்கிறேன். இந்த நோட்டில் உன் பேரைப் பதினோரு தடவை மேலே எழுதியாயிற்று. கீழே மிச்ச இடம் வெள்ளையாகக் கிடக்கிறது, காகிதத்தை வீணாக்க எனக்கு மனசு வராது. கோயிலுக்கே வந்து சொல்லலாம் என்றால் அங்கே எனக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் குறையோடு நிற்கிறார்கள். அதனால் வழக்கம்போல இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலையில் தம்பி சொரிமுத்து கேமராவில் புது லென்சை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். புதிது என்றால் அவனுக்குப் புதிது. தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஞானசிகாமணியிடம் பழையதைக் கொடுத்து மாற்றியது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தெருவில் கேட்கிறார்கள். சீட்டு ஆடாமல், குடிக்காமல் ஒருத்தன் குருவியையும் பூவையும் படம் எடுத்தால் தெருவுக்கு எங்கே வலிக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த லென்ஸ் கட்டையாக இருக்கிறது. இதற்கு ஐம்பது என்று பேர். பழையதைப் போலத் திருகிக் கிட்டே கொண்டுவர முடியாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஆனால் இதன் ஓட்டையை நன்றாக அகலத் திறக்கலாம். திறந்தால் ஆள் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருக்கிற முருங்கையும் சுவரும் பஞ்சு மாதிரியும் விழுமாம். அகலத் திறப்பதற்குச் சின்ன எண், குறுக்குவதற்குப் பெரிய எண். ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள் என்று கேட்டேன். அரைப் படி பெரிதா, கால் படி பெரிதா என்று அவன் என்னையே கேட்டான். கீழே இருக்கிற எண் பெரிதானால் பங்கு சின்னது. படி அளந்து மாவு விற்கிறவளுக்கு அது புரியாதா.

பகவதியையும் இரண்டு பெண்களையும் வேப்பமரத்துக்கு முன்னால் நிறுத்தினான். பகவதி அவன் பெண்டாட்டி. மூத்தவள் தாரணி பன்னிரண்டாவது படிக்கிறாள், இளையவள் யாழினி எட்டாவது. ஆக மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருத்தர் தங்கமாட்டார்கள் என்பது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். பகவதி உடனே, "மைனி, நீங்களும் வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டாள். இந்த வீட்டில் நாலாவது ஆள் நான்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து தம்பி வீட்டுக்கு வந்ததிலிருந்து மாவரைத்து விற்பதும் மூன்றை நாலாக்குவதும் என் வேலை. எனக்கென்று ஒரு இடமும் உண்டு. அவன் பார்வைக்கு இடது ஓரம். அந்தப் பக்கம் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நான் நின்றால் தொட்டி பாதி மறையும்.

மாவுக் கையைக் கழுவி, சேலை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றேன். சாயங்காலம் தாரணியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். என் முழங்கை இருக்கிறது.

பகவதி முகம் செத்துப்போய்விட்டது. வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். முழங்கையும் ஆள்தானே என்று சொரிமுத்து சிரித்தான். பிறகு, லென்ஸ் குறுகல், முற்றத்துக்கு இது ஆகாது என்றான்.

ஆவணி 11, செவ்வாய்

பெண்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தில் அவ்வளவு லட்சணமாக விழுந்திருக்கிறார்கள். அதனால் பகவதிக்கு அழிக்க மனசில்லை. சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். ரேஷன் கார்டுக்கு எடுத்த என் படத்தை வெட்டிக் கண்ணாடிக்கு உள்ளே மூலையில் ஒட்டியிருக்கிறாள். இப்போது கணக்கு சரி. அதில் நான் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி 16, ஞாயிறு

குளத்துக்கு அவன் பின்னாலேயே போனேன். பிள்ளையாருக்கு அருகம்புல் குளத்தங்கரையில்தான் நல்லதாகக் கிடைக்கும். அவன் பறவை எடுக்க வந்தான். பறவைக்கு வேகம் முக்கியமாம். கேமராவின் கண் திறந்து மூடுகிற நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்தால் இறக்கை அசையாமல் நிற்கும். ஆனால் அவ்வளவு சுருக்காக மூடினால் வெளிச்சம் குறையும், அதை வேறு ஒரு எண்ணைக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும், அதைக் கூட்டினால் படத்தில் ரவை தூவினது போலப் புள்ளி விழும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று. இதையெல்லாம் எனக்குச் சொல்கிறான், வேறு யார் கேட்பார்கள்.

மதகுக் கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நான் காட்டினேன். எங்கே, எங்கே என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு வலது பக்கமே தேடினான். இடது கைப்பக்கம்லா என்றேன். அவன் திரும்புவதற்குள் அது மீனைக் கொத்திக்கொண்டு போயே போய்விட்டது. இந்த லென்சில் பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை, அகலமாகக் காட்டுகிற லென்ஸ்தான் வேண்டும் என்றான். ஞானசிகாமணியிடம் ஒன்று இருக்கிறதாம்.

திரும்பி வரும்போது யாரோ வழியில் அடித்து வைத்திருந்த மாட்டு முளையில் என் இடது கால் பெருவிரல் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறேன்.

ஆவணி 20, வியாழன்

வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. ரோட்டோரப் புளியமரம் அவன் வழிக்கு வந்துவிட்டதாம். ஆடியிலும் ஒரு தடவை அது வந்தது.

ஆவணி 28, வெள்ளி

அகல லென்சும் மூன்று கால் ஸ்டாண்டும் வந்திருக்கின்றன. ஐம்பதைக் கொடுத்துவிடவில்லை, அது மேல் அவனுக்கு ஆசை. அகல லென்சில் தெருவே விழும் என்றான். ஒரு குணக்கேடு உண்டாம், ஓரத்தில் நிற்கிறவர்கள் அகலமாகத் தெரிவார்கள். நான் ஏற்கெனவே அகலம்தான், வந்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் இடத்தில் போய் நின்றேன். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, கண்ணை வைத்துப் பார்த்து, அங்கே இங்கே திருப்பி, எல்லாரும் விழுந்தாயிற்று என்று சொல்லித்தான் அமுக்கினான்.

படத்தில் பகவதி இருக்கிறாள், பெண்கள் இருக்கிறார்கள். வலது பக்கம் மதில், மதிலுக்கு முன்னால் அகலமாக வெறும் தரை, அதில் ஒரு கோழி. இடது பக்கம் நான் பாதி. ஒரு கண், ஒரு காது, பாதி திருநீறு.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோழிக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கிறான் என்பதைத்தான் எழுதுகிறேன். அவன் வீடு, அவன் குடும்பம், அவன் கேமரா. அவரவருக்கு யார் வேண்டுமோ அவர்கள் விழுவார்கள். பகவதி சொல்லிக்கொடுத்தும் இருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம், நான் கேட்கப் போவதில்லை.

பிரதோஷம் என்று நினைத்து ராத்திரி சாப்பிடவில்லை. பிரதோஷம் நாளைக்குத்தானாம்.

புரட்டாசி 8, செவ்வாய்

இன்றைக்கு உன் கோயில் கொடைத் திருவிழா. எழுத நேரமில்லை, உனக்கே தெரியும். சப்பரத்தில் நீ வந்த வடிவை சொரிமுத்து ஸ்டூல் போட்டு ஏறி நின்று எடுத்தான். கோயில் கமிட்டி கேட்டுக்கொண்டது. குளித்து, ஈர வேட்டியோடு, வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் எடுத்தான்.

புரட்டாசி 12, சனி

கொடை கழிந்து எட்டாம் நாள் வருகிற எட்டாம் பூசைக்கு உன் படம் போட்ட பிளெக்ஸ் கட்டினார்கள். கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறாய். பூ அலங்காரம், மூக்குத்தி, சிரிப்பு, எல்லாம் இருக்கிறது. உன் வலது கை இல்லை, சூலமும் இல்லை.

கட்டின பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். சூலம் இல்லாத முப்பிடாதி ஊருக்கு ஆகுமா என்று கூட்டம் கூடிவிட்டது. பிளெக்ஸ் அடித்தவன் வெட்டியிருப்பான் என்றார் தர்மகர்த்தா. அவன் செல்போனில் சொரிமுத்து அனுப்பின படத்தையே காட்டினான். அதிலும் இல்லை. சொரிமுத்து, லென்ஸ் கோளாறு என்றான். கண் வைத்துப் பார்க்கிற ஓட்டையில் முழுசாகத் தெரிந்தது, படத்தில் விழவில்லை என்றான்.

கொடைக்கு வீடியோ எடுத்த ஞானசிகாமணியும் பாக்கி வாங்க வந்து அங்கே நின்றார். அவர் அவன் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "தம்பி, இந்த மாடல்ல ஓட்டையில தெரியதைவிட படத்துல ஓரம் கொஞ்சம் கூடத்தான் விழும். குறைய வழியில்ல." சொரிமுத்து கேமராவை வாங்கி உறைக்குள் வைத்தான். பிளெக்சைச் சுருட்டி மடப்பள்ளிக்குள் வைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. என்னை வெட்டுவான். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். உன்னை வெட்டுவானா?

புரட்டாசி 13, ஞாயிறு

யாழினியைக் கூப்பிட்டு, அப்பா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டு என்றேன். எதற்கு அத்தை என்றாள். சும்மாதான் என்றேன்.

கொக்குக்கு இடது பக்க இறக்கை இல்லை. சடங்கு வீட்டுப் படத்தில் இடது ஓரம் நின்ற தாய்மாமன் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரிசையாக நின்ற பிள்ளைகளில் இடது கடைசிப் பிள்ளை பாதி. எல்லாவற்றிலும் வலது பக்கம் தாராளமாக இடம் கிடக்கிறது. போன வருஷத்துப் படங்களில் இப்படி இல்லை. சித்திரைக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. பழைய லென்சிலும் அப்படித்தான், ஐம்பதிலும் அப்படித்தான், அகலத்திலும் அப்படித்தான். மூன்று லென்சும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒரே பக்கமா கெட்டுப்போகும்?

பகவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவள் பேசிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் மைனி. தண்ணிச் செம்பை இடது பக்கம் வச்சா அவுஹ தட்டிவிட்டுருதாஹ. யார்ட்டயும் சொல்லிராதிய. தாரணி பரீட்ச முடியுத வரைக்கும். அவளுக்குக் காலேஜுக்கு இந்த ஒரு வருமானந்தான்."

"வேன்ல பிள்ளைய ஏறி இறங்குத கதவு எந்தப் பக்கம் இருக்கு பகவதி?"

அவள் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். அந்த வேனில் போகிற பிள்ளைகள் எல்லாம் என்னிடம் மாவு வாங்குகிற வீட்டுப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்தத் தூக்குவாளி கொண்டுவரும் என்று எனக்குத் தெரியும். நான் அவர்களை எண்ணிப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

புரட்டாசி 15, செவ்வாய்

எட்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உன்னிடம் பூக்கட்டிப் பார்த்தேன். செவ்வரளியை ஒரு இலையிலும் வெள்ளரளியை ஒரு இலையிலும் பொதிந்து உன் காலடியில் போட்டேன். சிவப்பு வந்தால் சொரிமுத்துவிடம் சொல்லிவிடுவது, வெள்ளை வந்தால் சொல்லக் கூடாது. பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளை.

மறுபடி கேட்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். ஒரு கேள்விக்கு ஒரு பூதான் என்றார். எனக்கும் அது தெரியும்.

புரட்டாசி 16, புதன்

வேன் காலையில் போனது. சாயங்காலம் வந்தது. இரண்டு தடவையும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உளுந்து பழசு, மாவு பொங்கவில்லை.

புரட்டாசி 17, வியாழன்

நீ சொல்லாதே என்றாய். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது உனக்கே தெரியும். நின்றேன்.

காலையில் அவன் புறப்படுகிற நேரம். வேன் வாசலில் நின்றது, காலி வண்டிதான், பிள்ளைகளை அடுத்த தெருவிலிருந்துதான் ஏற்றத் தொடங்குவான். மாவுவாளியை எடுத்துக்கொண்டு போய் வேனுக்கு முன்னால் இடது முனையில் நின்றேன். விளக்குக்கு ஒரு முழம் தள்ளி. அவன் வெளியே வந்து செருப்பு மாட்டினான். சாவியை ஒரு தடவை சுற்றினான். என் முன்னாலேயே நடந்து வண்டியைச் சுற்றிப் போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினான். உன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டான். முன்னால் பார்த்தான், கண்ணாடிகளைப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

புதுக் கண்ணாடி என் தோளில் இடித்தது. வாளி கீழே விழுந்து மாவு தெருவில் ஓடியது. சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டான்.

இறங்கி ஓடி வந்தான்.

"அங்கன என்னக்கா செய்யுத?"

"நிக்கேன்."

"எப்பம் வந்த?"

"நீ செருப்பு மாட்டும்போது இங்கனதான் நிக்கேன். என் முன்னாலதான் போன."

அவன் என்னைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி வேனின் கதவைப் பார்த்தான், பிள்ளைகள் ஏறுகிற கதவை. அதிலேயே உட்கார்ந்துவிட்டான். மாவு அவன் செருப்புக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. பேசக் கூடாது என்றுதான் பூ.

"லென்ஸ்ல கோளாறுன்னா மாத்திக்கிடலாம்லாக்கா. கேமராவுல கோளாறுன்னாலும் மாத்திக்கிடலாம். அதான் ஒண்ணு ஒண்ணா மாத்திப் பாத்தேன். ஏதாவது ஒண்ணுல நீ முழுசா விழுந்துட்டன்னா எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிரும்லா."

இதைச் சொல்லும்போது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விலை கேட்பது மாதிரி.

பிறகு அவனே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, கண்ணு சரியில்லை, வேறு டிரைவரை அனுப்புங்கள் என்றான். இன்றைக்கு மட்டுமா என்று கேட்டிருப்பார்கள் போல. இல்லை சார் என்றான். பகவதி வாசலுக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் குடத்துத் தண்ணீரை ஊற்றி மாவைத் தள்ளிவிட்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்கள்.

தோளில் கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் போட்டிருக்கிறேன்.

புரட்டாசி 21, திங்கள்

திருநெல்வேலியில் கண்ணாஸ்பத்திரி. பகவதி வரவில்லை, நான்தான் கூடப் போனேன். பஸ்சில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில், இவன் கியரை முன்னமே மாத்திருக்கணும் என்றான்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வருமாம், தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். சொரிமுத்துவுக்கு அது பிடித்திருந்தது. கேமரா மாதிரியே இருக்கு என்றான். அவன் அமுக்குகிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்கும், கொஞ்ச நேரம் கேட்காது. கேட்காத நேரத்திலெல்லாம் நான் உன் பேரைச் சொன்னேன்.

பிறகு அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வலது கண்ணுக்கு இடது பாதி கறுப்பு. இடது கண்ணுக்கு நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தவிர எல்லாமே கறுப்பு. அவன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஸ்டுடியோவில் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இதுலயும் நீ விழலக்கா."

டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது. வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. போனது வராது. இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. குடும்பத்தில் அப்பா அம்மாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பேருமே இல்லை என்றோம். எங்கள் அப்பா சாகிற வரைக்கும் கண்ணாடி போடாதவர். தெருமுனையில் வருகிற ஆளை நடையை வைத்தே பேர் சொல்லுவார். கூடப் பிறந்தவர்களும் ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு என்னம்மா, நான் இப்போதும் ஊசியில் நூல் கோக்கிறேன் என்றேன்.

வெளியே வரும்போது இடது பக்கமிருந்து ஒரு தள்ளுவண்டி வந்து என் இடுப்பில் இடித்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் யாரும் பார்த்து நடப்பதில்லை.

ஐப்பசி 3, ஞாயிறு

இத்தனை நாள் உன் பேரை மட்டும் எழுதி மூடிவிட்டேன். வேலை கூடிவிட்டது. இப்போது பகவதியும் என்னோடு மாவரைக்கிறாள். இரண்டு கிரைண்டர் ஓடுகிறது, ஓட்டல்காரர் ஒருத்தர் தினமும் எடுத்துக்கொள்கிறார். பகவதி என்னிடம் முகம் கொடுத்துப் பேசப் பதினைந்து நாள் ஆயிற்று. முந்தாநாள்தான், உப்பு எவ்வளவு போட மைனி என்று கேட்டாள். எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். பேசுவதற்கு ஒன்று வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறு வேலை இருந்தால் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். சொன்னால்தான் நிஜம். தாரணி, காலேஜ் எங்கேயும் போய்விடாது அத்தை என்கிறாள். அவள் அதைச் சொல்லுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐம்பதை ஞானசிகாமணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அகல லென்சை வைத்துக்கொண்டான். அவனாகவே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறான். ஓட்டையில் கண் வைப்பதில்லை, ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டிப் பின்னால் இருக்கிற திரையைப் பார்க்கிறான். திரையில் கட்டம் கட்டமாகக் கோடு வருகிற மாதிரி வைத்திருக்கிறான். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கிறான், நெல் புடைக்கிறவள் கல் பார்ப்பது போல. வேண்டியதற்கு மேலேயே பின்னால் தள்ளி நின்று எடுக்கிறான், மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று. கடைசியாக ஒன்று. இடது ஓரத்தில் நிற்கிற ஆள் கையைத் தூக்கி, இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அமுக்குவான்.

காலையில் எல்லாரும் வேப்பமரத்துக்கு முன்னால் நின்றோம். பகவதி என்னை நடுவில் நிற்கச் சொன்னாள். வேண்டாம், என் இடம் எனக்கு இருக்கட்டும் என்று தொட்டிப் பக்கம் போனேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, ஓரத்துல யாரு என்று கேட்டான்.

"நாந்தாம்ல. இருக்கேன்."

விழுந்திருக்கிறேன். முழுசாக, செருப்பு வரைக்கும். எனக்குப் பின்னால் தொட்டியும் வெட்டுப்படாமல் இருக்கிறது, தொட்டிக்கு அந்தப் பக்கம் காயப்போட்ட சாக்கும் இருக்கிறது. சொன்னது போலவே அகலமாகத்தான் தெரிகிறேன். பகவதி ஹாலில் இருந்த சட்டத்தைக் கழற்றி இதைப் போடப் போகிறாளாம். ரேஷன் கார்டுப் படத்தைப் பிரித்து என்னிடமே தந்துவிட்டாள். இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

உன் பிளெக்சுக்கும் மறுபடி படம் எடுத்துத் தருகிறேன் என்று தர்மகர்த்தாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த கொடைக்குப் பார்க்கலாம் என்றாராம். அப்போது நீயே ஒரு தடவை, இருக்கிறேன் என்று சொல்லிவிடு.

மத்தியானம் வாழை இலையில்தான் சாப்பாடு, பின்னால் மரம் சாய்ந்து இலை நிறையக் கிடந்தது. நான்தான் பரிமாறினேன். சொட்டு மருந்து விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மருந்து தொண்டைவரைக்கும் கசக்கிறதாம். இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டான்.

மூடி வைக்கப் போகும்போது இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. இலையில் உப்பு வைக்கும்போதே வந்திருக்க வேண்டும். எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தினமும், உப்பு வைக்கவில்லை என்று அம்மாவைச் சத்தம் போடுவார். அம்மா பதில் பேசாமல் வலது பக்கம் இன்னொரு தடவை வைப்பாள். உப்பு முதலிலேயே இலையில் இருக்கும். எல்லா வீட்டிலும் வைக்கிற இடத்தில்தான், இடது ஓரத்தில்.